முழங்கைக்குக் கீழே

அட்டாலியில் யாரோ சொடக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்த பழனாத்தாள், முதலில் அது தன் விரலிடுக்கில் நொறுங்குகிற தொலியின் சத்தம் என்றே நினைத்தாள். கையை நிறுத்திப் பார்த்தாள். சத்தம் நிற்கவில்லை. ஆடிக் காற்று கணவாய் வழியாக வந்து தென்னை மட்டைகளை உலுக்குகிற இரைச்சல், கட்டுத்தறியில் எருமை கழுத்துக் கயிற்றை இழுக்கிற முனகல், வாய்க்காலுக்கு அப்பால் யாருடைய தோட்டத்திலோ ஓடுகிற பம்ப்செட், இவை எல்லாவற்றுக்கும் அடியில், சமையற்கட்டுக்கு மேலே பலகை போட்ட அட்டாலிக்குள், வேலை வெட்டி இல்லாத ஒரு ஆள் சாவகாசமாக உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக மடக்கி இழுப்பதுபோல, சடக், சடக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. வெயிலுக்கு ஓடு இப்படிச் சத்தம் போடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் காலையிலிருந்து வெயிலே இல்லை. அதுவும் போக, ஒரு ஆளுக்குப் பத்து விரல்தானே. சத்தம் அதைத் தாண்டியும் போய்க்கொண்டிருந்தது.

அட்டாலியில் புதிதாக வந்த சாமான் ஒன்றுதான். ஈஸ்வரமூர்த்தி கொண்டுவந்த சாக்குமூட்டை. அவளுடைய மகன் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தான். பரீட்சை லீவில் வந்தவன், பஸ்ஸிலிருந்து இறங்கிய மூட்டையைப் பண்ணையாள் கையில்கூடக் கொடுக்காமல் தானே தூக்கிவந்து ஏணி போட்டு ஏற்றி வைத்தான். எல்லாம் புத்தகம் என்றான். பிள்ளை பொய் சொன்னால் பெற்றவளுக்குத் தெரியாதா என்ன. தெரிந்தும் விட்டுவிட்டாள். இப்போது எலி புகுந்திருந்தால் புத்தகம் போச்சே என்கிற கவலையில் ஏணியைச் சாய்த்தாள்.

மேலே இருட்டு. ஒட்டடையும் பழைய சோளத்தட்டும் நாறுவது வழக்கம்தான். அதற்கு நடுவே சுண்ணாம்பும் காறிப்போன எண்ணெயும் கலந்த ஒரு வாடை மூட்டையைச் சுற்றி மட்டும் தேங்கி நின்றது. அவள் ஏறியதும் சொடக்குச் சத்தம் நின்றுபோனது. சாக்கின் வாயை அவிழ்த்துக் கையை விட்டாள். எலி இல்லை, புத்தகமும் இல்லை. விறகுக் குச்சி மாதிரி, ஆனால் விறகைவிட வழவழப்பாக, என்னென்னவோ தட்டுப்பட்டன. அதில் ஒன்றை அவள் கை பிடித்துக்கொண்டது. பிடித்த மாத்திரத்தில் கட்டைவிரல் தானாக நகர்ந்து போய், அதன் மணிக்கட்டு முனைக்கு மேலே புளியங்கொட்டை அளவு புடைத்திருந்த ஒரு மேட்டின் மேல் நின்றது.

அவளை முதலில் பயமுறுத்தியது எலும்பு இல்லை. தான் நினைப்பதற்கு முன்னால் தன் விரலுக்கு இடம் தெரிந்திருந்ததுதான்.

ஈஸ்வரமூர்த்திக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள். சின்ன வயதில் கிணற்றுப் படியிலிருந்து விழுந்து இடது கையை உடைத்துக்கொண்டவள். வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியதில் எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடிவிட்டது. கல்யாணச் சந்தையில் யாராவது நொட்டை சொல்வார்களே என்று வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கெண்ணெய் போட்டு அந்த மேட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தவள் பழனாத்தாள். மேடு அமுங்கவில்லை. பெண் வளர்ந்து, ஒருநாள் காலையில் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். ஏறியதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இறங்கியதைப் பார்த்தவர்கள் யாருமில்லை.

அந்தப் பெண்ணின் அப்பன் குப்பண்ணன் ஸ்டேஷனில் ஒரு பராதிகூடக் கொடுக்கவில்லை. மானம் போகும் என்றார். பங்காளிகளைக் கூட்டிவைத்துத் தலைமுழுகினார். அதோடு விட்டாரா? அப்போது பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஈஸ்வரமூர்த்தியை நடுவில் நிறுத்தி, பழனாத்தாளின் கையைப் பிடித்து அவன் உச்சந்தலையில் வைத்து, எல்லோர் முன்னாலும் சத்தியம் வாங்கினார். அந்தப் பெயர் இனி என் வாயில் வராது, வந்தால் இந்தத் தலை எனக்கில்லை. அவள் சொன்னாள். பையனின் தலை எண்ணெய்ப் பிசுக்கோடு உள்ளங்கையில் சுட்டது. அன்றிலிருந்து இன்றுவரை தூக்கத்தில்கூட அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

தோட்டத்துச் சாளைக் குடிசையில் படித்துக்கொண்டிருந்த ஈஸ்வரமூர்த்தி மத்தியானச் சோற்றுக்கு வந்தபோது, அம்மா சமையற்கட்டுத் தரையில் மடியில் அந்த எலும்பையும் அதோடு பொருந்திய இன்னொன்றையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவனுக்குக் கோபம் வந்தது, பிறகு வெட்கம் வந்தது. படிப்புக்கு எல்லாப் பிள்ளைகளும் இதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றும், காலேஜுக்குப் பின்னாலுள்ள சந்தில் ஒரு ஆள் விற்கிறான் என்றும், தானும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து வாங்கியதில் மண்டையோட்டை மட்டும் கூட்டாளி எடுத்துக்கொண்டான் என்றும் விளக்கினான். இது யார் என்று கேட்டாள். யாருமில்லை என்றான். ஆஸ்பத்திரியில் செத்து, யாரும் கேட்டு வராமல் கிடந்தவர்கள். கேட்டு வந்திருந்தால் கொடுத்திருப்பார்களா என்று கேட்டாள். கொடுத்திருப்பார்கள் என்றான்.

அவள் அவன் விரலைப் பிடித்து மேட்டின் மேல் வைத்தாள்.

அவனுக்கும் அந்தக் கை தெரியும். அதைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனான். ஆனாலும் அம்மா சொல்வது தப்பு என்று காட்டத்தான் அவன் எலும்புகளை வாங்கிக்கொண்டு சன்னலுக்குப் போனான். புரட்டிப் பார்த்தான். இடது கை. நீளத்தையும் பருமனையும் பார்த்தால் பெண்ணாகத்தான் இருக்கும். மணிக்கட்டுப் பக்கத்து நுனி, வளர்கிற வயதில் தனித் துண்டாக இருந்து பிறகு ஒட்டிக்கொள்ளும். இதில் ஒட்டிய கோடு இன்னும் மறையவில்லை, அப்படியானால் பதினேழு பதினெட்டு. உடைந்தது சின்ன வயதில். உடைந்த பிறகும் எலும்பு வளர்ந்திருக்கிறது. இல்லை என்று நிரூபிக்க அவன் சொல்லிக்கொண்டு போன ஒவ்வொன்றும் ஆமாம் என்றே போய் முடிந்தது.

பிறகு அவன் சாக்கை இறக்கிவந்து, வீட்டு நடுக்கூடமான ஆசாரத்தில் கொட்டி, அக்காவின் மீதியைத் தேட ஆரம்பித்தான். கழுத்திலிருந்து பாதம்வரை தரையில் வரிசையாக அடுக்கினான். அடுக்க அடுக்க ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இரண்டு தொடையெலும்பையும் சேர்த்து வைத்தால் ஒன்று மற்றதைவிட விரற்கடை நீளம். இடுப்பெலும்பில் ஒரு பக்கம் பெண்ணுக்குரிய அகலம், மறுபக்கம் ஆணின் குறுகல். முதுகெலும்பு விளிம்பெல்லாம் முள்முள்ளாகத் தேய்ந்துபோன ஒரு கிழவனுடையது. வலது கை இன்னும் வளர்ந்து முடியாத ஒரு குழந்தையுடையது. கம்பியில் கோத்த விரல்கள் யாருடையவை என்று அவனால் சொல்லவே முடியவில்லை. விற்கிறவனுக்கு ஒரு செட்டு நிறைந்தால் சரி. எது கிடைக்கிறதோ அதைப் போட்டுக் கட்டிவிடுகிறான்.

"முழங்கைக்குக் கீழ இந்த ரெண்டு எலும்பு மட்டுந்தானுங்கம்மா அக்கா," என்றான். "மத்ததெல்லாம் வேற வேற ஆளு."

"அப்ப மிச்சம் எங்கீடா கண்ணு?"

எத்தனை அறைகளில், எத்தனை பையன்களின் கட்டிலுக்கு அடியில் என்று அவனுக்கு மட்டும் எப்படித் தெரியும். விற்றவனைப் பிடித்தால் ஏதாவது தெரியலாம், கொழிஞ்சாம்பாறை போஸ்டாபீஸிலிருந்து கூட்டாளிக்கு ஒரு டிரங்க் கால் போட்டுவிட்டு சாயங்கால பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்று சட்டையை மாட்டினான். வாசலில் நின்று திரும்பி, தான் வரும்வரை எதையும் தொட வேண்டாம் என்றான். பயந்த குரலில்தான் சொன்னான். எதற்குப் பயம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

ஆனால் பழனாத்தாளுக்கு அந்த ஒரு சாயங்காலம்தான் இருந்தது. எருது பிடிக்கப் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போயிருந்த குப்பண்ணன் விடிந்தால் வந்துவிடுவார். வந்தால் சாக்கோடு கொண்டுபோய் வாய்க்காலில் கொட்டிவிடுவார். அதற்குள் மகளை வீட்டுக்கு அழைத்துவிட வேண்டும். கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணை அப்படியே விடக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். பொழுது மசங்குகிற நேரத்தில் கிணற்றுத் தண்ணீர் மொண்டு வைத்து, புதுச் சேலையும் வளையலும் வைத்து, பின்வாசலைத் திறந்துவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வந்து வீட்டோடு இருப்பாள். கூப்பிடாவிட்டால் காட்டிலும் மேட்டிலும் அலைந்துகொண்டு கிடப்பாள். ஊரார் கண்ணில் ஓடிப்போனவளாக இருந்த இத்தனை வருஷமும் அவள் எங்கோ உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்துத்தான் பழனாத்தாள் சோறு தின்றாள். இனி அந்த நினைப்புக்கும் வழியில்லை.

கல்யாணத்துக்கென்று ஒளித்து வாங்கிய அரக்குச் சேலை பெட்டியடியில் அப்படியே இருந்தது. எடுத்துவந்தாள். அந்த இரண்டு எலும்பை மட்டும் தனியே எடுத்து வைக்கப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. ஒரு கையை மட்டும் எப்படி வீட்டுக்கு அழைப்பது? பெற்ற பிள்ளையை முழுசாக அல்லவா அழைக்க வேண்டும். மகன் படித்தது நேற்றைய படிப்பு, அவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். உண்மையில் அவளால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். அவன் அடுக்கியிருந்தபடியே, கழுத்திலிருந்து பாதம்வரை எல்லாவற்றின் மேலும் சேலையை விரித்தாள். தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தரை தெரிந்தது. அங்கே கிணற்றுத் தண்ணீர்ச் சொம்பை வைத்தாள்.

வெளியே தூறல் பிடித்திருந்தது. பம்ப்செட்டுக்கு வந்த கரண்டு வீட்டுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. அரிக்கேன் விளக்கின் வெளிச்சம் ஆசாரத்தின் பாதிக்கு மேல் எட்டவில்லை. பின்வாசலைத் திறந்ததும் ஈரக் காற்று நுழைந்து சேலையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போட்டது. பெயர் தொண்டைவரை வந்தது. உள்ளங்கையில் மகனின் தலைச்சூடும் வந்தது. பெயரை விழுங்கினாள். பெயர் இல்லாவிட்டால் என்ன, பெற்றவள் கூப்பிட்டால் பிள்ளைக்குத் தெரியாதா.

"இந்தச் சேலைக்குள்ள இருக்கற கண்ணு, எந்திரிச்சு வா," என்றாள். "இது உம்பட ஊடுதான். ஆரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க. வந்துரு சாமி."

ஒன்றும் நடக்கவில்லை. தூறல் ஓட்டில் விழுகிற சத்தம் மட்டும். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள், அழுகை ஓய்ந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

சேலை தரையோடு தட்டையாகக் கிடந்தது.

காற்று அமுக்கியிருக்கும் என்று கிட்டே போய் ஓரத்தைத் தூக்கினாள். அடியில் ஒன்றுமில்லை. தரையில் ஆள் நீளத்துக்கு ஒரு ஈரம் மட்டும். காறிப்போன எண்ணெயின் வாடை இப்போது ஆசாரத்தில் இல்லை. பின்வாசல் பக்கமிருந்து வந்தது.

பின்வாசலுக்கு வெளியே, பொடக்காளியில் யாரோ நடந்தார்கள். ஒரு கால் ஊன்றியது. ஒரு கால் இழுபட்டது. சேற்றில் ஊன்றி, இழுத்து, ஊன்றி. கட்டுத்தறியில் எருமை மூச்சுக்கூட விடவில்லை. நடை துவைக்கிற கல்லைத் தாண்டியது. கறிவேப்பிலைச் செடியைத் தாண்டியது. படிக்குக் கீழே நின்றது.

நிலையைச் சுற்றி ஒரு கை வந்து பிடித்தது. இடது கை.

பழனாத்தாள் எழுந்தாள். கால் போன வேகம் அவளுக்கே தெரியாது. அந்தக் கையை இரண்டு கையாலும் பற்றினாள். ஈரம், சில்லிப்பு, அதன் மேல் தோல், தோலுக்கு அடியில் மணிக்கட்டுக்கு மேலே அந்த மேடு. அவளுக்குப் பயம் போய்விட்டது. அவ்வளவு சந்தோஷம் அவள் வாழ்க்கையில் எப்போதும் வந்ததில்லை. கண்ணு, கண்ணு என்று மேட்டை முத்தமிட்டாள். தடவிக்கொண்டே மேலே போனாள். முழங்கை.

முழங்கைக்கு மேலே ரோமம் இருந்தது.

முறுக்கேறிய தடித்த புஜம். மூட்டை தூக்குகிற ஒரு ஆணின் புஜம். அவள் கை நின்றது. அவள் முந்தானையை எதுவோ பிடித்து இழுத்தது. குனிந்து பார்த்தாள். குழந்தையின் சின்னக் கை. கடைத்தெருவில் தொலைந்துபோகப் பயந்த பிள்ளை பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்திருந்தது. கூனிய முதுகு. கிழவனுக்குரிய இழுப்பு, நெஞ்சுக்குள் கர் கர் என்று. அவள் பிடியை விடாமலே விளக்கு வெளிச்சத்துக்கு விலகி நின்று மேலே பார்த்தாள்.

கழுத்துக்கு மேலே மழை பெய்துகொண்டிருந்தது.

அது உள்ளே வரவில்லை. படியில் நின்றது. வா என்று கூப்பிட்டவள் யாரைக் கூப்பிட்டாள் என்று தெரியாமல், அத்தனை பேரும் ஒரே உடம்பில் காத்து நின்றார்கள். யாருமே கேட்டு வராதவர்கள். கேட்டு வந்த ஒரே வீடு இது.

பிறகு அது திரும்பியது.

போகப் போகிறது. சின்னக் கை முந்தானையை விட்டது. நீளக் கால் ஒரு படி இறங்கியது. அவள் பிடியிலிருந்து இடது கை நழுவிக்கொண்டிருந்தது, மணிக்கட்டு, உள்ளங்கை, விரல். அதுவாகப் போகவில்லை. மற்றவர்கள் அதை இழுத்துக்கொண்டு போனார்கள். அது மட்டும் அவள் விரலைக் கவ்விக்கொண்டு வர மாட்டேன் என்றது.

வாய்க்கால் வரப்பில் ஒரு டார்ச் வெளிச்சம் வந்தது. சாயங்கால பஸ்ஸுக்கு வந்தவன். காற்றில் அவன் குரல் கேட்டது. அம்மா என்றான். வந்துவிடுவான். இன்னும் கொஞ்ச தூரம்தான். பொறுத்தால் போதும்.

விரல் நுனி நழுவியது.

"மருதாத்தா."

சொல்லிவிட்டாள். அது அப்படியே நின்றது. தூறலும் காற்றும்கூட நின்றதுபோல இருந்தது. வரப்பில் டார்ச் விழுந்தது. விழுந்த இடத்தில் எரிந்துகொண்டே கிடந்தது. அந்த வெளிச்சத்தில் புல்லும், புல் மேல் மழையும் தெரிந்தன. குனிந்து யாராவது எடுப்பார்கள் என்று அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் எடுக்கவில்லை.

இடது கை திரும்ப வந்து அவள் கையைப் பிடித்தது. இந்தத் தடவை விடுகிற பிடியாக இல்லை.

அது படியேறியது. ஒரு கால் ஊன்றியது. ஒரு கால் இழுபட்டது. அந்த வீட்டுப் பின்வாசல் தாழ்ந்த வாசல். வளர்ந்த ஆள் யாரும் நிமிர்ந்து நுழைய முடியாது. நிலையில் இடித்துக்கொள்ளாமல் இருக்க அது குனிந்தது. குனிந்து, உள்ளே வந்து, மெதுவாக நிமிர்ந்தது. அரிக்கேன் விளக்கின் வெளிச்சம் இப்போது கழுத்துக்கு மேலே இருந்த நனைந்த தலைமுடியில் விழுந்தது, பிறகு நெற்றியில், பிறகு விழித்திருந்த கண்ணில். ஈஸ்வரமூர்த்தி தன் அம்மாவைப் பார்த்தான். வரப்பில் கூப்பிட்டதை முடிக்காத வாய் இன்னும் பாதி திறந்தே இருந்தது.